சவரி மாமா உட்காரும் சீட்டு

சிரிப்பு வரும். அதற்கு நான் கேரண்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி வரும், ஆனால் இப்போதே இல்லை. திங்கட்கிழமை இன்டர்வலில் கடைசி பெஞ்சில் நின்றுகொண்டு இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், ஒரு கையைத் தூக்கி, குரலை இறக்கி, இருங்கடி, அவசரப்படாதீங்க, சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் நானே சொல்றேன் என்று. சொன்ன உடனே சிரிப்பார்கள். மௌனிகா என்று பேர் வைத்துக்கொண்டு வாயே மூடாதவள் எதைச் சொன்னாலும் அவர்களுக்குச் சிரிப்புதான். முதலில் ஃபாரூக் பாயின் குரலை எடுக்கலாம். கார் எலக்ட்ரீசியன். அவர் சுலபம், பல்லுக்கு நடுவில் ஒரு ஸ்க்ரூ இருப்பதாக நினைத்துக்கொண்டு மூக்கால் பேசினால் போதும். "கரண்ட்டு பொய் சொல்லாது சார், மனுசன்தான் சொல்லுவான்." இப்போதுகூட அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், சவரி மாமாவின் கால் இரண்டையும் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, கார் கதவுக்கு வெளியே மண்டியிட்டு, தலையை மட்டும் முன் சீட்டுக்கு அடியில் விட்டபடி. பார்த்தால் சவரி மாமா காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிற மாதிரி இருக்கிறது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இது அந்த இடம் இல்லை, இது வழியில் கிடைத்தது. அந்த இடம் எனக்கு வலது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன். கை மரத்துப்போய் எறும்பு ஊர்கிறது. ஊரட்டும்.

சங்கனூர் ரோட்டில் ஃபாரூக் பாயின் ஷெட், மேலே தகரம், சனிக்கிழமை மத்தியானம், காரின் நாலு கதவையும் திறந்து போட்டும் உள்ளே வெந்துபோகிறது. ரெக்சின் வாசனை, ஒயர் மேல் அடிக்கிற ஸ்ப்ரேயின் மண்ணெண்ணெய் மாதிரி வாசனை, சவரி மாமாவின் சட்டையில் கற்பூரத் தைல வாசனை. அன்னிக்கு எப்படி உக்காந்திருந்தீங்களோ அதே மாதிரி உக்காருங்க, ஆள் வெயிட்டு இருந்தாத்தான் ஃபால்ட்டு வரும் போல என்று பாய் சொல்லிவிட்டார். அதனால் ஸ்டியரிங் முன்னால் அப்பா, பக்கத்தில் அவருடைய பழைய சிநேகிதர் சவரி மாமா, மாமாவுக்குப் பின்னால் நான். நாடகத்துக்கு ஆள் நிறுத்தின மாதிரி. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. அப்பா முன்கண்ணாடி வழியாக ஷெட் சுவரில் தொங்குகிற பழைய டயரைப் பார்க்கிறார். சவரி மாமா எதைப் பார்க்கிறார் என்று சொல்ல முடியாது, சர்க்கரை கண்ணில் இறங்கிய பிறகு அவருக்கு எல்லாவற்றுக்கும் நடுவில் புகை, ஓரம் மட்டும்தான் தெரியும். வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான், அதுவும் அப்பாவிடம் இல்லை, பாயிடம். "நல்லாப் பாரும் பாய். கொற இருந்தா வண்டிய நான் கொண்டு போயிருதேன். கொற இல்லன்னாலும் கொண்டு போயிருதேன். நம்பாதவன் வீட்ல என் பொருள் எதுக்கு? பொறவு அவன் யாரோ நான் யாரோ." மாமாவை எடுக்கும்போது தொண்டையில் வெல்லப்பாகு இருக்கிற மாதிரி வார்த்தையை இழுக்க வேண்டும், திருநெல்வேலிக்காரர், கோயமுத்தூருக்கு வந்து முப்பது வருசம் ஆகியும் இழுவை போகவில்லை. அந்த வாக்கியத்தை மட்டும் அவர் இழுக்கவில்லை. அவன் யாரோ நான் யாரோ. வெட்டி வெட்டிப் போட்டார். அந்த மாதிரி அவர் பேசி நான் கேட்டதில்லை. என்னால் எடுக்கவும் முடியவில்லை, மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.

இந்த சீட்டு இழுத்து நகர்த்துகிற சீட்டு இல்லை. குஷன் பக்கத்தில் சீட்டு மாதிரியே குட்டியாக ஒரு சுவிட்சு இருக்கும், அதை முன்னால் தள்ளினால் சீட்டு முன்னால் போகும், பின்னால் தள்ளினால் பின்னால். உள்ளே மோட்டார். கப்பலில் வேலை செய்கிற மகன் சவரி மாமாவுக்கு வாங்கிக் கொடுத்த கார், இருப்பதிலேயே உயர்ந்த மாடல். வந்த அன்றைக்கே மாமா நேராகக் கவர் கடைக்கு ஓட்டிக்கொண்டுபோய், கம்பெனி பாலித்தீனைக்கூடப் பிரிக்க விடாமல், அதன் மேலேயே ரெக்சின் கவரை இறுக்கித் தைத்து வாங்கியவர். குஷன் பக்கத்து சுவிட்சுக்கு மட்டும் கத்தரித்து வழிவிட்டிருக்கிறார்கள். சாயுமிடத்தின் பக்கவாட்டில், இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிற பக்கத்தில், இன்னொரு சுவிட்சு இருப்பதைத் தைத்தவர்கள் பார்க்கவில்லையோ, பார்த்தும் மூடிவிட்டார்களோ. பின்னால் உட்காருகிறவர் கால் நீட்ட இடம் வேண்டும் என்றால் முன் சீட்டைத் தானே நகர்த்திக்கொள்ள வைத்த சுவிட்சு. ரெக்சினுக்கு அடியில் கொசு கடித்த தடிப்பு மாதிரி இருக்கும். மாமாவுக்குத் தெரியாது, கண் போகும்வரை அவர் ஓட்டுகிற சீட்டை விட்டு எழுந்ததில்லை. அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் ஆம்பளைகள் யாரும் காரில் பின்னால் உட்கார்ந்ததே கிடையாது, பின் சீட்டு அம்மாவுக்கும் எனக்கும் காய்கறிப் பைக்கும். பாய் கவரைக் கழட்டிப் பார்க்கலாமா என்று கேட்டபோது மாமா பதறிவிட்டார். "அதத் தொடாதேயும், பிரிச்சா பொறவு அந்த மாரி ஒக்காராது." பாயும் விட்டுவிட்டார். கவருக்குள்ள என்ன சார் இருக்கப்போகுது, பஞ்சுதான் என்றார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. நெஞ்சுக்குள் வந்து நின்றது, வெளியே வரவில்லை, புரை ஏறின மாதிரி இருமல்தான் வந்தது. தண்ணி குடி அம்முணி என்றார் அப்பா, திரும்பாமலே.

அப்பா நாச்சிமுத்து. அவர் குரலை எடுப்பது சுலபம், அதில் ஏற்ற இறக்கமே கிடையாது, தார் ரோடு மாதிரி நீளமாக ஒரே மட்டமாகப் போகும். சவரி மாமா எங்கள் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டால் நான் உள்ளேயிருந்து "வாப்பா சவரி, சாப்பிட்டியா" என்பேன். மாமா "இல்ல வே, இனிமதான்" என்று எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே வருவார். அப்பா பின்னால் கிணற்றடியில் இருப்பார். குரலை வைத்தே ஆளைச் சொல்கிறவர் மாமா, கண் போன பிறகு அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட. ஏட்டி மௌனி, ஊர்ல என்னைய ஏமாத்துத ஒரே குரலு உன்னுதுதான் என்பார். ஆனால் எனக்கு வராத ஒன்று இருந்தது. அப்பாவின் சிரிப்பு. அவர் சிரிக்க மாட்டார். சோகம் ஒன்றும் இல்லை, அப்படி ஒரு முகம், போட்டோக்காரர் சிரிங்க சார் என்றால் இன்னும் கொஞ்சம் இறுகுகிற முகம். கேட்காத சத்தத்தை எப்படி எடுப்பது? பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் எல்லார் சிரிப்பும் என்னிடம் இருக்கிறது. தலைமையாசிரியையின் சிரிப்பு குக்கர் விசில் அடங்குகிற மாதிரி, அம்மாவின் சிரிப்பு பாத்திரம் விழுந்து உருளுகிற மாதிரி. அப்பா பக்கம் மட்டும் காலியாக இருந்தது. பிறகு அது வந்தது. கார் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. இனிமே ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொன்னதும் மாமா சாவியை நேராக அப்பா கையில் கொண்டுவந்து வைத்தார். "நீ ஓட்டு வே. பக்கத்து சீட்டு மட்டும் எனக்கு. எங்க போனாலும் என்னையக் கூட்டிக்கிட்டுப் போ." அவ்வளவுதான் ஒப்பந்தம். கணபதியில் பம்பு கம்பெனியில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றியவர்கள், இப்போது பக்கத்துப் பக்கத்தில் உட்காரப் போகிறார்கள், இதில் பேச என்ன இருக்கிறது என்கிற மாதிரி அப்பா சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு லட்சுமி மில் சிக்னலில் சிவப்பு. மாமா பேசிக்கொண்டிருந்தார், தன் மகன் கப்பலில் மீன் குழம்பு வைத்த கதை. நான் வெளியே பார்க்க முன்னால் சாய்ந்து, சீட்டின் பக்கத்தைப் பிடித்தேன். கட்டை விரல் எங்கோ பட்டது. ங்ங்ங் என்று ஒரு சத்தம், சவரி மாமா மெதுவாக, மரியாதையாக, சப்பரத்தில் வைத்து இழுக்கிற மாதிரி முன்னால் போக ஆரம்பித்தார். பேச்சை நிறுத்தவில்லை. மிளகாய்த் தூளப் போட்டு, புளியக் கரைச்சு, என்னவே இது, யம்மா, முட்டு, முட்டு இடிக்கி வே! முழங்கால் டேஷ்போர்டில் முட்டி, தொப்பை மடங்கி, முகத்துக்கு நேரே கண்ணாடி. "நான் தொடவே இல்லப்பா" என்றேன். சத்தியமாக அது உண்மை, எதைத் தொட்டேன் என்றே எனக்குத் தெரியாது. அப்போது அப்பாவிடமிருந்து ஒரு உறுமல் கேட்டது. கெப்பாசிட்டர் போன மோட்டார் அப்படித்தான் உறுமும், கரண்ட் இருக்கும், ஓடாது, யாராவது கையால் ஒரு சுற்று சுற்றி விட வேண்டும். உறுமி, உறுமி, திடீரென்று பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்பா சிரித்தார். பச்சை விழுந்து, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்து, ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போய், அப்போதும் சிரித்தார். நசுங்கியபடியே சவரி மாமாவும் சிரித்தார், நாச்சி சிரிக்கான், ஏட்டி மௌனி, உங்கப்பன் சிரிக்கான்டி என்று. அந்தச் சத்தத்தைப் பிடிக்க வேண்டும் என்று நான் காதைத் திறந்து வைத்தேன், ஆனால் நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்ததால் சரியாகப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை கேட்டால் போதும் என்று தோன்றியது. அவ்வளவுதான் நான் செய்த யோசனை. இன்னொரு தடவை.

சாயங்காலம் காய்கறிப் பையை எடுக்கப் போனபோது ரெக்சினைத் தடவித் தடவித் தடிப்பைக் கண்டுபிடித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே. மாமா கத்தினார், அப்பாவின் மோட்டார் ஓடியது, கொஞ்சம் சீக்கிரமே நின்றுவிட்டது. நான் தொடவே இல்லப்பா என்றேன். இந்தத் தடவை அதைப் போன தடவை மாதிரியே சொல்ல வேண்டியிருந்தது, அதே உயரத்தில் ஆரம்பித்து, 'வே'யில் அழுத்தி, கடைசியில் காற்று கொஞ்சம் போகிற மாதிரி. என் குரலை நானே எடுத்தேன். நன்றாக வந்தது. அப்பா வண்டியைப் பாயிடம் விட்டார், பாய் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்து, மண்ணு ஏறிருக்கு சார் என்றார். கொஞ்ச நாள் நான் சும்மா இருந்தேன், சீட்டும் சும்மா இருந்தது, பாய் நல்ல கைக்காரர் என்றார் அப்பா. பிறகு ஒரு நாள் அத்தை வந்தாள், அப்பாவுக்கு அக்கா, மூட்டு வலி என்று முன்னாடி உட்கார்ந்தாள். அத்தையைத் தள்ளினால் சத்தம் எப்படி இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றாது. நன்றாகத்தான் இருந்தது சத்தம். ஆனால் அத்தை சிரிக்கிற ஆள் இல்லை, சிரிக்க வைக்கப்படுகிற ஆளும் இல்லை. "ஏன்டா நாச்சிமுத்து, ஓட்டை வண்டிய உன்ற தலைல கட்டிப்போட்டு அந்தச் சவரிமுத்து கமுக்கமா இருக்கறானாக்கும்? உன்ற மாதிரி ஏமாளி ஊர்ல கெடைப்பானா?" அப்பா பாயிடம் போய்ப் புது சுவிட்சு போட்டுக்கொண்டு வந்தார், பழைய சுவிட்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை நான் மேஜை டிராயரில் பார்த்தேன், குட்டியாக, சீட்டு மாதிரியே, தனியாக. அன்றைக்கு இரவுச் சாப்பாடு முடிந்து மாமாவுக்கு போன் போட்டு அப்பா மட்டமான குரலில் கேட்டார்: "ஏப்பா, உன்றகிட்ட இருக்கறப்பவே இது இருந்துச்சா?" மாமா போனை வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு கேட் திறக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு நாள் ராத்திரி சொல்ல வாயைத் திறந்தேன், சமையலறை வாசலில், அப்பா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். வந்தது அத்தையின் குரல். "ஏன்டா நாச்சிமுத்து, நான்தான்டா தொட்டேன்." அப்பா திரும்பாமலே, போய்ப் படி அம்முணி, விளையாடாத என்றார். பொய்யை என் குரலில் சொன்னபோது நம்பினார். உண்மையை வேறு குரலில் சொன்னால் விளையாட்டாகப் போய்விடுகிறது. அப்புறம் அந்தக் கல்யாணம், அவிநாசியில், பம்பு கம்பெனிக்காரர் ஒருவர் வீட்டுப் பெண்ணுக்கு. அம்மாதான் பேசிச் சேர்த்து வைத்தாள், இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய்ட்டு வாங்க, சரியாப் போயிரும் என்று. போனார்கள். அம்மா வரவில்லை, நான் பின்னால். மாமா வழக்கமான சீட்டில், கற்பூரத் தைலம், வெள்ளை வேட்டி. நீலம்பூர் தாண்டும்வரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டிக்குள் ஏசிச் சத்தம் மட்டும். அந்த அமைதி இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை, நான் ஒரு சத்தக்காரி, எனக்குச் சத்தம் இல்லாவிட்டால் மூச்சு முட்டும். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டு பேரும் எப்படிச் சிரித்தார்கள். அதே சீட்டு, அதே ஆட்கள், அதே தடிப்பு. அதே மாதிரி செய்தால் அதே மாதிரி ஆகும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே, இருந்ததை இருந்தபடியே திரும்பச் செய்வது. அழுத்தினேன். ங்ங்ங். மாமா கத்தினார், அதே யம்மா, அதே முட்டு. நான் தொடவே இல்லப்பா. அதே உயரம், அதே 'வே', அதே காற்று. எல்லாம் அதே மாதிரி இருந்தது, ஒரு மயிரிழை பிசகவில்லை. அப்பா வண்டியை ஓரம் கட்டினார். "தெரிஞ்சேதான் குடுத்தியாப்பா?" என்றார்.

மாமா கதவைத் தடவித் திறந்து, வேட்டியைச் சரிசெய்து, இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார். படாரென்று சாத்தியிருந்தால்கூடத் தேவலாம். பஸ் ஸ்டாப் கொஞ்சம் பின்னாடிதான் இருந்தது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு பஸ் வந்தது, மாமா பக்கத்தில் நின்ற காலேஜ் பையனிடம் குனிந்து ஏதோ கேட்டார், போர்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார், அவன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நின்றதால் கேட்கவில்லை, பஸ் போய்விட்டது. மாமா அந்தப் பையன் முகம் எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், ஓரத்தால்தானே தெரியும். அந்தச் சாய்ப்பை நான் எடுத்துக் காட்டினால் வகுப்பே சிரிக்கும். சிரிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் அன்றையிலிருந்து கழுத்தை நேராக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"கையை உள்ள விட்டிருக்கேன், யாரும் எதையும் தொட்றாதீங்க" என்கிறது சீட்டுக்கு அடியிலிருந்து பாயின் மூக்குக் குரல். சீட்டு நகர்கிற தண்டவாளத்துக்கு நடுவில் விரலை விட்டு ஒயரைப் பிடித்திருக்கிறார். சீட்டு நகர்ந்தால் விரல் போகும். என் கை தொடைக்கு அடியில்தான் இருக்கிறது, மரத்துப்போய் அது என் கை மாதிரியே இல்லை, யாருடைய கையோ, எழுந்துபோய்த் தானாக அழுத்திவிட்டால்? அழுத்தாது. அழுத்திவிட்டால்? இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன். சொல்லிவிடு, இப்போதே, பாய் கையை எடுத்ததும் சொல்லிவிடு. அப்பா. அதற்கு மேல் என்ன. டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன்: முன் சீட்டு நகர்ந்த சம்பவத்தில் திடீர் திருப்பம். தலைமையாசிரியையின் குரலில்: இதைச் செய்தது யாருன்னு நீங்களாவே எந்திரிச்சு நின்னுட்டா ஒண்ணும் பண்ண மாட்டேன். பாயின் குரலில்: மனுசன்தான் பொய் சொல்லுவான் சார். எல்லாக் குரலிலும் வருகிறது. என் குரலைத் தேடினால் அங்கே நான் தொடவே இல்லப்பா உட்கார்ந்திருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை, வேறு எதையும் அந்தக் குரலில் கடைசியாக எப்போது சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கண்ணில் கரிக்கிறது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் ஒன்றையொன்று காவல் காக்கின்றன. முன்னால் மாமாவின் பின் கழுத்து, சவரம் செய்த இடத்தில் வேர்க்குரு. அவர் காலை ஒரு ஓரமாக ஒடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தன் சீட்டில் இல்லை, யாரோ வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

பாய் தலையை வெளியே எடுக்கிறார். கன்னத்தில் கிரீஸ். "அடியில ஒண்ணும் இல்ல சார். மோட்டாரு நல்லாருக்கு, ஒயரு நல்லாருக்கு. சுவிட்சு நம்ம போட்டது, புதுசு." மாமா, "அப்ப கொற இல்ல" என்கிறார் காற்றைப் பார்த்து. "எழுதி வச்ச மாரி நல்லாருக்க வண்டி. சாவியக் குடுக்கச் சொல்லும் பாய்." அப்பா சட்டைப் பையைத் தொடுகிறார். அந்தப் பை, அன்றைக்குப் போட்ட அதே பை. தொட்ட கை அங்கேயே நிற்கிறது. "ஏனுங் பாய், இன்னொருக்கா பாருங்" என்கிறார் அப்பா. அந்த மட்டமான குரலில் எங்கோ ஒரு குழி. நான் எத்தனை வருசமாக இந்தக் குரலை எடுத்திருக்கிறேன், அதில் இப்படி ஒரு குழி விழும் என்று எனக்குத் தெரியாது. குறை கிடைக்க வேண்டும் என்று கேட்கிறாரா, கிடைக்கக் கூடாது என்றா? இல்லை, நேரம் கேட்கிறார். சாவியைக் கொடுக்காமல் இருக்க இன்னும் கொஞ்சம் நேரம். பாய் தலையைச் சொறிகிறார். "கடைசியா ஒண்ணு பாத்துர்லாம். இன்ஜினப் போட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழ ஃப்யூஸுல மீட்டரு வச்சு நான் பாக்கறேன். சார், நீங்க எறங்கிப் பின்னாடி போங்க."

"பின்னாடியா?" என்கிறார் அப்பா, பஸ்ஸில் லேடீஸ் சீட்டில் உட்காரச் சொன்ன மாதிரி. இதற்கு அவர்கள் சிரிப்பார்கள், திங்கட்கிழமை. ஆனால் திங்கட்கிழமை என்று ஒன்று இனி இல்லை போல இருக்கிறது. அப்பா இறங்கிச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வருகிறார். "தள்ளு அம்முணி." தள்ளுகிறேன், ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இருக்கிற பக்கத்துக்கு, கையை விடுவித்ததும் ஆயிரம் ஊசி. அப்பா சவரி மாமாவுக்குப் பின்னால் உட்காருகிறார். அவர் கால் நீளம். முழங்கால் முன் சீட்டின் முதுகில் முட்டுகிறது. இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார், கதவில் இருக்கிற தண்ணிப் பாட்டில் குழியைப் பார்க்கிறார், தான் ஓட்டுகிற காருக்குள்ளேயே விருந்தாளி. "இத்தனை இடுக்கா இருக்குது. நீயும் உங்கம்மாளும் இத்தன நாளும் இப்படியா வந்தீங்க?" என்கிறார் என்னிடம். இதுதான் சமயம், ஆமாப்பா, அதனாலதான் இதுல ஒரு சுவிட்சு வெச்சிருக்காங்கப்பா, இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடலாம், வாக்கியம் தானாக வந்து கையில் உட்கார்ந்திருக்கிறது. அப்பா என்கிறேன். அது என் குரல்தானா என்று ஒரு கணம் கேட்டுப் பார்க்கிறேன், அந்த ஒரு கணத்தில் பாய் இன்ஜினைப் போடுகிறார், வண்டி ஒரு குலுக்குக் குலுக்குகிறது, அப்பா முன்னால் எட்டிப் பார்க்க, நான் அன்றைக்குப் பிடித்த மாதிரியே, சீட்டின் பக்கத்தைப் பிடிக்கிறார்.

பிடித்த கை நிற்கிறது. முப்பது வருசம் காயில் சுற்றிய விரல்கள். செம்புக் கம்பியில் வார்னிஷ் உரிந்த இடத்தை இருட்டில் தடவிக் கண்டுபிடிக்கிற விரல்கள், மாமாவுடைய விரல்களும் அப்படித்தான். கட்டை விரல் ரெக்சின் மேல் போகிறது, திரும்பி வருகிறது, தடிப்பின் மேல் ஏறி இறங்குகிறது. அப்பாவின் முகத்தில் ஒன்றும் இல்லை, போட்டோக்காரருக்குக் காட்டுகிற முகம். அழுத்துகிறார். ங்ங்ங். "வே, வே, யம்மா, முட்டு!" என்கிறார் சவரி மாமா. "வந்துருச்சு! ஃபால்ட்டு வந்துருச்சு சார்! நான் சொன்னேன்ல, கரண்ட்டு பொய் சொல்லாது!" என்று பாய் மீட்டரைத் தூக்கிக் குதிக்கிறார். அப்பா விரலை எடுக்கிறார். சீட்டு நிற்கிறது. விரலை இன்னொரு பக்கமாக வைக்கிறார், சீட்டு மெதுவாகப் பின்னால் வருகிறது, மாமாவை அவர் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்கிறது. அப்பா கொஞ்ச நேரம் விரலையே பார்க்கிறார். லட்சுமி மில் சிக்னல், அத்தை, நீலம்பூர் தாண்டி ரோட்டோரம், எல்லாம் அந்த விரல் நுனியில் ஒவ்வொன்றாக வந்து போவது எனக்குத் தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சீட்டுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதும். உறுமல் வரும் என்று என் காது காத்திருக்கிறது, வெட்கம் கெட்ட காது, இப்போதுகூட. வரவில்லை. அப்பா என் பக்கம் திரும்பி என் கண்ணைப் பார்க்கிறார். வாயைத் திறக்கிறார். அந்த மட்டமான தொண்டையிலிருந்து, அதே உயரத்தில் ஆரம்பித்து, 'வே'யில் அழுத்தி, கடைசியில் கொஞ்சம் காற்றுப் போக, என் குரல் வருகிறது.

"நான் தொடவே இல்லப்பா."

முன்னாலிருந்து சவரி மாமா, தலையைக்கூடத் திருப்பாமல், வெல்லப்பாகு மாதிரி இழுத்து, எனக்குப் பதில் சொல்கிறார். "நீ தொட்டேன்னு யாரு சொன்னா தாயி? எனக்குத் தெரியாதா, நீ ஒண்ணும் பண்ணிருக்க மாட்ட."

சிரிக்க வேண்டிய இடம் இதுதான்.